அண்ணி திரும்பிப் பார்ப்பதில்லை

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கென்று ஒரு முறை உண்டு. பூட்டைப் போட்டு, சாவியைத் திருப்பி, பிறகு இரண்டு தடவையாவது இழுத்துப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் நான்கு தடவை இழுப்பார். தெருமுனை வரை போன வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை இழுத்துவிட்டுப் போன நாளும் உண்டு. நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. அண்ணி மட்டும் இழுக்கமாட்டார். சாவியைத் திருப்புவார், உருவுவார், கைப்பையில் போடுவார், போய்க்கொண்டே இருப்பார்.

"அண்ணி, பூட்டிக்கிச்சான்னு பாத்தீங்களா?" என்று மாடியிலிருந்து கத்துவேன்.

"பூட்டுனேன்."

"இழுத்துப் பாக்கலியே?"

"அதான் பூட்டுனேன்னு சொல்றேன்ல பாப்பா."

என் அண்ணன் மனைவி அவர். கீழ்வீட்டில் அவர்கள் இருவர், மாடியில் நாங்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அண்ணி கிராம சுகாதார நர்ஸ். அண்ணன் முதுநகரில் கடை வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அடித்த பக்கத்தை மூன்று முறை படித்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு எண் மாறினால் ஒருவன் வயல் இன்னொருவன் பெயருக்குப் போய்விடும். அப்படிப்பட்ட எனக்கு அண்ணியின் அலட்சியத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அண்ணி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அலட்சியம் என்ற அந்தச் சொல்லை அதற்கும் பல வருடம் முன்னாலேயே நான் வாபஸ் வாங்கிவிட்டேன்.

அண்ணியும் அண்ணனும் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்கள். கியர் சைக்கிள், ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய கலர் பனியன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணியினுடையது அவர் வேலைக்குப் போய்வந்த, முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். அண்ணனுடையது கடைக்குச் சாமான் ஏற்றின கறுப்பு சைக்கிள். கேரியரில் ரெக்சின் பை. அதில் மாற்றுத்துணி, காற்றடிக்கிற பம்பு, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், புளிச்சோறு. அண்ணி சுடிதார் போட்டு, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொள்வார். வயது ஐம்பதைத் தாண்டின பெண்பிள்ளை தலையில் துண்டோடு கூடைச் சைக்கிளில் நூறு இருநூறு கிலோமீட்டர் போகிறார் என்றால் தெரு சும்மா இருக்குமா? இருக்கவில்லை.

தெருவுக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அண்ணி முன்னால் போவார், அண்ணன் இருபதடி பின்னால். இருபதடி சில சமயம் இருநூறடி ஆகும், ஒரு கிலோமீட்டரும் ஆகும். அண்ணி திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு தடவைகூட.

"புருஷன் பின்னால வர்றானா வுழுந்து கெடக்குறானான்னு பாக்குதா பாரு அந்தம்மா. என்னா நெஞ்சழுத்தம்!" என்று எதிர்வீட்டம்மா சொல்வார். நானும் "ஆமாங்க்கா, அதத்தான் நானும் சொல்றேன்" என்று கூடப் பாடியவள்தான். ஒளிப்பானேன்.

லால்பேட்டையில் நடந்ததை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீராணம் ஏரிக்கரை ரோட்டில் அண்ணன் சைக்கிள் பஞ்சர். அண்ணி பாட்டுக்குப் போய்விட்டார். ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த பாய் ஒருவருக்கு இதைப் பார்த்து மனசு தாங்கவில்லை. தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு விரட்டிப்போய் அண்ணியைப் பிடித்துவிட்டார்.

"தங்கச்சி, ஒங்க வூட்டுக்காரரு அங்க பஞ்சராயி நிக்கிறாரும்மா."

"அப்படியா பாய்? சொன்னதுக்கு ரொம்ப சந்தோசம்."

"திரும்பி வரலியா?"

"அவுருகிட்ட பம்பு இருக்கு, சொல்யூஷன் இருக்கு. ஒட்டத் தெரியும் பாய்."

பாய் திரும்பி வந்தாராம். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ பெரிய சண்டை என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, அண்ணன் டியூபை ஒட்டுகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்து, "மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்கண்ணே, எல்லாம் சரியாப் பூடும், துவா செய்றேன்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

"சண்டையெல்லாம் இல்ல பாய்," என்றிருக்கிறார் அண்ணன். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம்."

அந்த ஒப்பந்தத்தைச் சொல்ல வேண்டுமானால் பதினொரு வருடக் குடியைச் சொல்ல வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி, அதைத் தாண்டினால் முள்ளோடை. அங்கே பாண்டிச்சேரி எல்லை ஆரம்பிக்கிறது. எல்லை என்று தனியாகப் போர்டு பார்க்க வேண்டியதில்லை, ரோட்டின் இருபக்கமும் சாராயக்கடைகள் வரிசை கட்டி நிற்கும். அண்ணன் கடையை மூடியதும் வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

அண்ணி அப்போது வேறு ஆள். சாயங்காலம் ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சட்டையை மோந்து பார்ப்பார். பாக்கெட்டைத் தடவுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பரணில், பழைய மோட்டார்க் கூட்டுக்குள் என்று கையை விட்டுத் துழாவுவார். மணிக்கொரு தடவை கடைக்குப் போன் போட்டு, "கடையிலதான் இருக்கீங்களா மாமா, கிரைண்டர் சத்தம் ஒண்ணுங் கேக்கலியே" என்பார். இதே கூடைச் சைக்கிளில் முள்ளோடை வரை போய், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். குடிப்பது அண்ணனுக்கு வேலை, பார்ப்பது அண்ணிக்கு வேலை. இரண்டு பேரும் அதில் லீவே எடுத்ததில்லை.

வேலைக்குப் போகிற கிராமத்திலும் இதே கதைதான். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், எதிரிலேயே முழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாராம்.

கடைசியில் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். இன்னொரு தடவை குடித்தால் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். வீட்டுக்கு வந்த அன்று என்ன நடந்தது என்பதை அண்ணி என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். மீன் அலசிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"இனிமே தொட மாட்டேன்னாரு. இந்த மாரி எத்தினியோ தடவ சொல்லிருக்காரு. நானும் சரின்னுட்டு மறுநாளே பாக்கெட்டத் தடவுவேன். அன்னிக்கி எனக்கு என் கையப் பாத்தாலே வெறுப்பா இருந்துச்சு பாப்பா. பதினோரு வருஷமா என்னா பொழப்பு இது! நீங்க குடிக்கிறத வுடுங்க மாமா, நான் பாக்குறத வுட்டுடறேன்னேன்."

"பாக்கலைன்னா எப்படி அண்ணி தெரியும்?"

"தெரியாது. தெரியாமத்தான் இருக்கணும்."

"அதுக்கு ஏன் பூட்டக்கூட இழுத்துப் பாக்க மாட்டேங்கறீங்க?"

அண்ணி மீனை விட்டுவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். "இன்னிக்கிப் பூட்ட இழுக்கும். அடுத்து கேஸ மூடிட்டமான்னு பாக்கும். சாய்ங்காலம் அவுரு சட்டையில வந்து நிக்கும். எனக்குத் தெரியாதா என் கையப் பத்தி?"

குடிகாரன் குடியை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஊரே பேசும். சந்தேகப்பட்டுப் பழகின ஒருத்தி அதை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் பேசுவதில்லை. அண்ணி அதை ஒரே நாளில், அடியோடு விட்டார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "ராத்திரி சாப்புட்டுப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கூட வேலை செய்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி ஒரு கேஸ் விஷயமாகக் கோர்ட்டுக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "அவுங்க நின்னு பாத்தப்போ கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்து துப்பிடுவேங்க்கா. பாக்காமப் போனப்புறம் துப்ப என்னமோ மாரி இருந்துச்சு. முழுங்கிட்டேன்." என் அண்ணியாக்கும் என்று அன்று அவளிடம் சொல்லிக்கொண்டேன்.

சைக்கிளும் அப்படித்தான் ஆரம்பித்தது. உடம்பு தேறிவந்த அண்ணனுக்குச் சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கை நடுங்கும், எரிச்சல் வரும். அண்ணியின் அம்மா வீடு புவனகிரிப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நான் சைக்கிள்லயே அம்மா வூட்டுக்குப் போறேன் மாமா. வர்றதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டு மிதித்துவிட்டார். அண்ணன் பின்னாலேயே போனார். அடுத்த வாரம் சிதம்பரம் வரை. கீழவீதியில் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டு, தேர் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, அன்றைக்கே திரும்பியிருக்கிறார்கள். மறுநாள் அண்ணன் படியேற முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

பிறகு அதற்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சாப்பிடுகிற ஏதாவது ஒன்றை எடுத்து, இது எங்கிருந்து வருகிறது என்று கடையில் கேட்பார்கள். அந்த ஊருக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பலாப்பழத்துக்குப் பண்ருட்டி. பொன்னி அரிசிக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம், அந்த வழியில்தான் லால்பேட்டை பாய். மூன்று வருடத்தில் தெற்கே, மேற்கே போகாத ரோடு இல்லை. வடக்கே மட்டும் போகவில்லை. வடக்கே போக முள்ளோடையைத் தாண்ட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போது எலுமிச்சம்பழம் வந்தது. குடியை விட்டதிலிருந்து அண்ணன் நாளைக்கு நாலைந்து தடவை எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பார், உப்புப் போட்டு. ஒருநாள் மஞ்சக்குப்பம் மார்க்கெட்டிலிருந்து பழம் வாங்கி வந்தவர், பையை மேசைமேல் வைத்துவிட்டு, "இது கூடூர்லேருந்து வருதாம். மெட்ராஸுக்கும் அந்தாண்ட, ஆந்திரா. ஊரு பூரா எலுமிச்சத் தோட்டந்தானாம்" என்றார். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். நான் அப்போது கீழேதான் இருந்தேன்.

"போவலாமே மாமா," என்றார் அண்ணி. "எத்தினி மணிக்குக் கெளம்பலாம்?"

விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் கடைகள் மூடியிருக்கும்போதே முள்ளோடையைத் தாண்டிவிடலாம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் பையைப் பார்த்துக்கொண்டே, "பத்து மணிக்கு" என்றார்.

"சரி."

ஏன் பத்து மணி என்று கேட்கவில்லை, வெயிலாகிவிடுமே என்றும் சொல்லவில்லை. அந்த "சரி"யை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. அண்ணன் உயிர் அந்த ரோட்டில் தொங்குகிறது, இந்தம்மா என்னவோ பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் தலையாட்டுகிறதே என்று.

அவர்கள் கிளம்பிய அன்று நான் கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, என் ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தேன். வீட்டுக்காரரிடம் வங்கிக்குப் போவதாகப் பொய் சொன்னேன். ஆல்பேட்டை, பாலம், ரெட்டிச்சாவடி. சைக்கிளுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் மெதுவாகப் போவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

முள்ளோடையில் கடைகள் எல்லாம் திறந்திருந்தன. பட்டப்பகலிலும் போர்டுகளில் விளக்கு. அண்ணி உள்ளே நுழைந்தார். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருபதடி பின்னால் அண்ணன். பாதி வரிசை தாண்டியிருக்கும், அண்ணன் சைக்கிள் தடுமாறியது. காலை ஊன்றினார். இறங்கினார். சரியாக ஒரு கடை வாசலில்.

அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைக்குள்ளிருந்து ஒரு ஆள், "டேய் மச்சான்! எத்தினி வருஷமாச்சுடா!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தான். அண்ணன் குனிந்தார், நிமிர்ந்தார், அவனைப் பார்த்தார். முன்னால் அண்ணி போய்க்கொண்டே இருந்தார். ஒரு தடவை திரும்பினால் போதும், எல்லாம் தெரியும். திரும்பவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கி அண்ணனைத் தாண்டிப்போய் அண்ணியின் பக்கத்தில் ஸ்கூட்டியை ஓட்டினேன்.

"அண்ணி! திரும்பிப் பாருங்க அண்ணி! அண்ணன் கடைகிட்ட எறங்கிட்டாரு!"

அண்ணி என் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டார். ஆனால் காலை நிறுத்தவில்லை. "நீ எங்க பாப்பா இங்க?"

"அத வுடுங்க. அண்ணன் எறங்கிட்டாருங்கறேன்!"

"எறங்குனா எறங்கட்டும்."

"உள்ள போயிட்டா?"

"நான் பாத்துக்கிட்டிருந்தும் பதினோரு வருஷம் போனாரே. பாத்துத் தடுத்துட்டனா?"

சொன்ன குரல் நிதானமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, தலை திரும்பிவிடாமல் இழுத்துக் கட்டியதுபோல் நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. அண்ணியை நெஞ்சழுத்தக்காரி என்று சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருந்தது.

கன்னியகோயில் வருவதற்குள் பின்னால் மணி அடித்தது. அண்ணன். எங்களுக்குச் சமமாக வந்து, ஒரு கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு கிரீஸ்.

"செயின் கழண்டுக்கிச்சு," என்றார். பிறகு, "வாயையும் ஊதிக் காட்டணுமா?"

இரண்டு சைக்கிளும் முன்னால் போய்விட்டன. நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, முகத்தில் கட்டியிருந்த துப்பட்டாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் மரக்காணத்திலிருந்து அண்ணி போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "செயினு மாட்டுற வரைக்கும் அவுருக்கு ஒண்ணும் தோணலியாம் பாப்பா. கூப்புட்ட ஆளுகிட்டயும் வேலை இருக்குன்னுட்டாராம். உன் வண்டி தாண்டிப் போனதப் பாத்தப்புறந்தான், நம்மள நம்பாம தங்கச்சியே வேவு பாக்குதேன்னு, அந்தக் கடைப் பக்கம் கண்ணு போச்சாம்." அப்புறம், "ரெண்டு நிமிஷம் அங்கியே நின்னாராம். அப்புறம் வந்துட்டாரு" என்றார்.

அந்த இரண்டு நிமிடம் நான் செய்தது. இதைச் சொல்லாமல் அண்ணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

தினமும் ஆறு மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வரும். அண்ணன் என்னிடம் பேசமாட்டார். மகாபலிபுரம், மெட்ராஸ், கும்மிடிப்பூண்டி, நாயுடுப்பேட்டை. "மேடுன்னு ஒண்ணு கெடையாது பாப்பா. நம்ம சிதம்பரம் பக்கம் மாரி தரை சப்பையாக் கெடக்கு. மிதிக்கவே வேணாம், தானா போவுது. ஆனா மண்ணு செகப்பு. ரெண்டு பக்கமும் எலுமிச்சத் தோட்டம், முள்ளுவேலி போட்டு. மரமெல்லாம் நம்ம ஒசரந்தான். பூ வாசன மூக்கத் தொளைக்குது. ஒங்கண்ணன் மூச்ச இழுத்து இழுத்து வுட்டுக்கிட்டு வர்றாரு, பின்னால சத்தம் கேக்குது." திரும்பிப் பார்க்காதவருக்கு அண்ணனின் மூச்சுச் சத்தம்கூடப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறது.

ஆறாம் நாள் கூடூரிலிருந்து பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். மலைமலையாகக் குவித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பெரிசு, சிறிசு, கறை விழுந்தது என்று தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்களாம். பாஷை தெரியாவிட்டாலும் அண்ணியையும் உட்காரவைத்து வேலை வாங்குகிறார்களாம்.

"அண்ணன் எங்க?"

"இன்னும் வரல. ஒரு மணிக்கே நான் வந்துட்டேன்."

மணி ஆறு. ஐந்து மணி நேரம். "போன் போட்டீங்களா?"

"போடல."

"அண்ணி, உங்களுக்குக் கோடி புண்ணியம், ஒரே ஒரு போன். எதுனா அடிபட்டிருந்தா?"

"அடிபட்டிருந்தா யாராச்சும் போடுவாங்க." அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "போனு கையிலதான் இருக்கு பாப்பா. அதான் உன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன், பேசிக்கிட்டே இரு" என்றார்.

நான் பேசினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எங்கள் வீட்டுக்காரர் பூட்டை இழுத்த கதை, எதிர்வீட்டம்மா கதை, அன்று கோர்ட்டில் வந்த ஒரு ஆடு திருட்டு கேஸ். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் அண்ணி, "இரு இரு" என்றார். தரம் பிரிக்கிற பெண்கள் ஏதோ சத்தம் போடுவது கேட்டது.

"டிராக்டர்ல வர்றாரு! எலுமிச்ச மூட்ட மேல ஒக்காந்து வர்றாரு பாப்பா ஒங்கண்ணன், சைக்கிளயும் ஏத்திக்கிட்டு! ஒடம்பெல்லாம் சேறு!"

ராத்திரி அண்ணி மறுபடியும் போன் செய்து நடந்ததைச் சொன்னார். வழியில் ஒரு தோட்டத்தில் பம்புசெட் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு பேர் தலையில் கைவைத்து நின்றிருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை, மரமெல்லாம் இலை சுருண்டிருக்கிறது. காயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தார்கள். அண்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போய், மோந்து பார்த்து, காயில் எரியவில்லை, கெப்பாசிட்டர்தான் போயிருக்கிறது என்று கைஜாடையில் விளக்கி, ஆளை அனுப்பி வாங்கிவரச் செய்து, மாட்டி, தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறார். தோட்டக்காரர் அவர் கையை விடாமல் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அண்ணனை அந்த மாதிரி யாரும் கூப்பிட்டதில்லை.

"நீங்க எங்க போனீங்கன்னு கேக்கலியா அண்ணி?"

"கேக்கல. அவுராவே சொன்னாரு. ராத்திரி சாப்புடுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு," என்றார் அண்ணி. "நாளைக்கி அந்தத் தோட்டத்துக்குப் போறோம். வழி அவுருக்குத்தான் தெரியும். அவுரு முன்னால போறாரு."

அவர்கள் திரும்பி வருகிற நாளன்று நான் பெண்ணையாற்றுப் பாலத்தின் இந்தப் பக்கம் போய் நின்றேன். முள்ளோடைக்குப் போகவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குத்தான். சாயங்காலம் நாலு மணி இருக்கும். பாலத்தில் அண்ணன் சைக்கிள் தெரிந்தது. கறுத்து, இளைத்து, கேரியரில் ஒரு சாக்கு எலுமிச்சையோடு. தனியாக. பின்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை அண்ணி இல்லை.

"அண்ணி எங்க?"

"முள்ளோடையில ஒக்காந்திருக்கா." சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். "முட்டி வலிக்குதாம். கடை வாசல்ல நெழல் இருந்துச்சு, ஒக்காந்துட்டா. கொஞ்ச நேரம் நின்னு போவலாம் மாமான்னா. அங்க எனக்கு என்னா வேலை? நீ ஒக்காந்து வா, நான் போறேன்னு வந்துட்டேன்."

"ண்ணா, அன்னிக்கி நான்..."

"வுடு," என்றார். சாக்குக்குள் கையை விட்டு நாலு பழத்தை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். கன்னியகோயிலுக்குப் பிறகு, பதினொரு நாள் கழித்து அண்ணன் என்னிடம் பேசியது அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

அரைமணி கழித்து அண்ணி வந்தார். காலைக் கெந்திக் கெந்தி மிதித்துக்கொண்டு, தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடக்க. நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். முட்டி வலியோடு தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டாரே, அதுவும் அந்தக் கடைகளுக்கு நடுவில், அண்ணிக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்தேன்.

"என்னா அண்ணி, உங்கள அங்க வுட்டுட்டு அவுரு பாட்டுக்கு..."

"ஆமாம் பாப்பா!" அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர். "வுட்டுட்டுப் போயிட்டாரு! அத்தினி கடை இருக்கு ரெண்டு பக்கமும், நான் நடுவுல ஒக்காந்திருக்கேன், நில்லுங்கன்னு கூட சொன்னேன், ஒரு நிமிஷம் நிக்கல பாப்பா! நேரா போயிட்டாரு!"

"நீங்க பாத்தீங்களா?"

"பின்ன? கடைசி கடை தாண்டி, அந்த வளைவுல மறையிற வரைக்கும் பாத்தேன். நல்லா பாத்தேன்."

பாலத்தில் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து எங்களை ஓரமாகப் போகச் சொன்னான். அண்ணிக்கு அது காதில் விழவில்லை. முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார், நில்லுங்க மாமான்னு சொன்னதையும் அவர் நிற்காமல் போனதையும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பெண்கள் கொடுத்த மனுக்களை நூற்றுக்கணக்கில் டைப் அடித்திருக்கிறேன். அதை இவ்வளவு பெருமையாகச் சொன்ன ஒரே பெண்பிள்ளை எங்கள் அண்ணிதான்.